கொடிக்கு இந்தப் பக்கம்

"அத என்னத்துக்கு அதில நட்டு வெச்சீக்கி? சனம் பஸ் ஹோல்ட்டுன்னு நெனச்சு வந்து நிக்கப் போகுது," என்றார் லாபிர் முதலாளி.

வில்பிரட் எஞ்சின் மூடியைச் சாத்திவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டே திரும்பிப் பார்த்தான். மூங்கிலில் கட்டிய சிவப்புத் துணி, விடியற்காலையில் அவனே நட்டது. வத்தேகம வீதியோரம் அறுவடை முடிந்து காய்ந்துகிடந்த வயல்களில் வரப்புகளை வெட்டிச் சாய்த்து முதலாளி உண்டாக்கியிருந்த வெளி, இந்த மேட்டில் தொடங்கி மகாவலி ஆற்றங்கரைக் கித்துல்பனை மரங்கள் வரை கிடந்தது. கொடி அதன் நட்டநடுவில் நின்றது.

"அந்த எடத்துக்கு வரும்போது சில்லு மண்ணுல இருந்துச்சுன்னா, எஞ்சின மூடிருவேன் முதலாளி. அதுக்குத்தான்."

"அதுக்கு அங்கால இவ்வளவு நெலம் ஈக்கிதே. சும்மாவா வெட்டினேன்?"

"அது நிக்கிறதுக்கு. இதுக்குப் பிறேக் கெடையாது. ஓட்டம் ஓஞ்சாத்தான் நிக்கும்."

பிறேக் இல்லாத வண்டியை வாங்கிய மனவருத்தத்தை முதலாளி முகத்தில் காட்டாமல் மறைத்துக்கொண்டார். கண்டியிலிருந்து கடுகண்ணாவைக்கும் வத்தேகமைக்கும் ஓடுகிற பஸ்களில் பாதி அவருடையவை. சென்னையில் நொடித்துப்போன ஒரு கம்பனியிடம் இந்த விமானத்தை வாங்கி, கொழும்புப் பக்கம் இரத்மலானை விமானத் திடலுக்குக் கொண்டுவந்து, அங்கிருந்து கண்டிக்குப் பறக்கவைத்திருந்தார். முன்னால் மூடிய ஒரு சிறிய அறை. அதில் முழங்கால் இடிக்க நாலு பேர் உட்காரலாம். அதற்குப் பின்னால் திறந்த குழியில் விமானி. இரண்டுக்கும் இடையில் கைக்குட்டை அளவில் ஒரு பலகணி. மலைநாட்டுச் சனத்துக்கு ஆகாயச் சவாரி காட்டுவதுதான் முதலாளியின் திட்டம்.

வில்பிரட் அம்பிட்டி ஆள். அவன் அப்பா யாகப்பர் கடுகண்ணாவைக் கல்லுமலையில் பாறை துளைத்து வெடிவைத்தவர். திரிக்கு நெருப்பு வைத்துவிட்டு மற்றவர்கள் ஓடும் தூரத்தைப்போல இரண்டு மடங்கு ஓடுவார் என்று சக வேலைக்காரர்கள் அவரைக் கேலி செய்வார்கள். கேலி செய்தவர்களில் ஒருவனுக்கு இப்போது ஒரு கண் இல்லை. வில்பிரட் முதலாளியின் பஸ் கராஜில் கிறீஸ் குடித்து வளர்ந்து, சென்னைக்குப் போய்ப் பறக்கும் சங்கத்தில் எஞ்சின் கழுவி, கழுவின கையாலேயே ஓட்டவும் பழகி, கூலிக்கு ஆள் ஏற்றிப் பறக்கும் அனுமதியை வாங்கிக்கொண்டு வந்தவன். அந்தச் சங்கத்தில் இன்னும் கொஞ்சம் போகலாம் என்று கணக்குப் போட்டு விழுந்து நொறுங்கியவர்கள் சிலரைச் சாக்கில் அள்ளி எடுத்த வேலையும் அவனுடையதாகவே இருந்தது.

முதலாளி இன்னும் அவனை நிரந்தரமாக வைத்துக்கொள்ளவில்லை. கொழும்பில் ஒரு வெள்ளைக்கார விமானி வேலைக்குத் தயாராகக் காத்திருந்தான். வெள்ளைக்காரன் ஓட்டுகிறான் என்றால் டிக்கட் தானாக விற்கும் என்பது முதலாளியின் எண்ணம். அதை அவர் ஒளிக்கவும் இல்லை.

"இன்னக்கி நீ ஓட்டுறதப் பாத்துத்தான் அவனுக்குச் செல்லி அனுப்புவேன். வர வேணும், இல்லாட்டி வர வேணாம். ரெண்டுல ஒண்டு," என்றார். "கொடி கிடி எல்லாம் உன் சோலி. ஆனா நாலு மணிக்கு அந்தத் தோட்டத்துப் பொம்புளைங்க மேல போகணும். கொழும்புப் பேப்பர்க்காரன் கெமராவோட வந்தீக்கிறான்."

அதுதான் அன்றைய பெரிய காரியம். பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் அந்தப் பருவம் அதிகக் கொழுந்து எடுத்த நாலு பெண்களுக்குப் பரிசு, லாபிர் முதலாளியின் செலவில் ஆகாயச் சவாரி. தோட்டத்துத் துரைக்கும் சந்தோஷம், முதலாளிக்கும் விளம்பரம். கொழுந்துக்காரிகள் வானத்தில் என்று பேப்பரில் படம் வந்தால் பதுளை வரைக்கும் சனம் கிளம்பிவிடும்.

ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிந்து அம்பிட்டியிலிருந்து நடந்தே வந்தவர்கள், கண்டி டவுனிலிருந்து முதலாளியின் பஸ்களில் கூரையிலும் தொற்றிக்கொண்டு வந்தவர்கள், கடலைக்காரன், ஐஸ் சர்பத்துக்காரன், குடைக்குள் குடும்பத்தோடு உட்கார்ந்தவர்கள் என்று வெளியின் இரு கரையும் நிறைந்துவிட்டது. மூக்கையா விமானத்தின் விசிறியைப் பிடித்துச் சுழற்றினான். அவன் முன்பு பஸ்ஸில் கிளீனர். எஞ்சின் இருமி, புகை கக்கி, பிடித்துக்கொண்டது. அந்தச் சத்தத்தில் முன்வரிசைச் சனம் ஒரே ஆளைப்போலப் பின்னால் சாய்ந்தது.

முதல் சவாரியிலேயே வில்பிரட்டுக்கு உடம்பெல்லாம் இறக்கை முளைத்துவிட்டது. காலைக் குளிரில் காற்று கனமாக இருந்தது. வால் உயர்ந்தது, அறுத்த நெல்லின் தாள்கட்டைகள் சக்கரச் சில்லுக்கடியில் தடதடத்தன, திடீரென்று அந்தத் தடதடப்பு நின்றுபோனது. கொடி எங்கேயோ தூரத்தில் கிடந்தது. கித்துல் மரங்கள் காலுக்கடியில் கூடையில் வைத்த கீரைபோலக் கடந்துபோயின. ஆறு பளபளத்தது. வலப்பக்கம் கண்டி, அதன் வாவி, ஒரு கை அகலக் கண்ணாடி. தான் நடந்து வளர்ந்த அம்பிட்டி ஏற்றம் ஒரு நூலாகச் சுருண்டு கிடப்பதைப் பார்த்து அவன் குழிக்குள் தனியாகச் சிரித்தான்.

சவாரிக்கு மேல் சவாரி. தபால் கந்தோர்க் கிளாக்கர் ஒருவர் ஏறியதிலிருந்து இறங்கும்வரை கண்ணை இறுக மூடிக்கொண்டிருந்துவிட்டு, இறங்கியதும் கொழும்புத் துறைமுகம் தெரிந்தது என்று நாலு பேருக்குச் சொன்னார். புடவைக் கடை றம்லத் பீபி இறங்கி வந்து, "மகன், மேல போனா வீட்டுக் கூரையெல்லாம் ஒண்டுபோலத்தான் ஈக்கி. கீழ நிண்டு பெருமை பேசுற ஆக்கள ஏத்திக் காட்டணும்," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

ஏறுகிறவர்கள் எல்லாரும் முதலில் தராசில் ஏற வேண்டும். அது வில்பிரட் போட்ட சட்டம். தராசு தோட்டத்திலிருந்து இரவல் வந்தது. கொழுந்து நிறுக்கும் பெரிய முள்ளுத் தராசு. வட்ட முகம், கீழே கொக்கி. முக்காலியில் தொங்கவிட்டு, கொக்கியில் ஊஞ்சல் பலகை கட்டியிருந்தார்கள். நிறுப்பதற்குத் தோட்டத்துக் கணக்கப்பிள்ளை ராஜலிங்கமே வந்திருந்தார். வெள்ளை வேட்டி, கறுப்புக் கோட்டு, காதில் பென்சில். தராசின் முகம் தன் பக்கம் பார்க்க, முள்ளைப் பார்த்து இறாத்தல் கணக்கைச் சத்தமாகச் சொல்வார். எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போது குழியை விட்டு இறங்க முடியாது. அவர் சொல்லும் எண்ணை மூக்கையா ஓடிவந்து வில்பிரட்டின் காதில் கத்துவான். வில்பிரட் மனசுக்குள் கூட்டிக்கொள்வான்.

வெயில் ஏற ஏறக் கொடி கிட்ட வந்தது. அவனுக்கு அப்படித்தான் தோன்றியது. காலையில் எங்கோ நின்ற சிவப்புத் துணி, மத்தியானத்தில் சில்லு மண்ணை விடும்போது இறக்கை நுனிக்கு அருகே வந்து நின்றது. சூடான காற்றுக்குத் தூக்கும் பலம் குறைவு, மலைநாட்டில் இன்னும் குறைவு. அதற்கு அவன் இடம் விட்டுத்தான் வைத்திருந்தான். ஆனால் இது அதையும் மிஞ்சின மாதிரி இருந்தது. எஞ்சினைச் சோதித்தான். சுத்தமாக இருந்தது. சில்லைச் சோதித்தான். ஒன்றுமில்லை. அதற்குப் பிறகு நாலு பேருக்குப் பதில் மூன்று பேராக ஏற்றினான். முதலாளி தூரத்திலிருந்தே விரலை விரித்து, ஒரு இருக்கை காலி, ஒரு இருக்கை காலி என்று காட்டிக்கொண்டிருந்தார்.

தோட்டத்து லொறி வந்தபோது இரு கரையும் எழுந்து நின்றது. லொறி நிறையக் கொழுந்துக்காரிகள். நாலு பேருக்குத்தான் சவாரி, பார்க்க வந்தது அவர்கள் குடியிருந்த லய வரிசை முழுவதும். நாலு பேரும் கல்யாணத்துக்குப் போகிற மாதிரிச் சேலை கட்டி, அதற்கு மேல் மழைக்குப் போர்த்தும் கறுப்புக் கம்பளியை மடித்துத் தோளில் போட்டிருந்தார்கள்.

"கம்பளி எதுக்குக்கா?" என்றான் மூக்கையா.

"மேல குளிருமாமே. நீயா வந்து போத்திவிடுவே?" என்றாள் முன்னால் வந்தவள். பெயர் வேலாயி. முப்பதைத் தாண்டியவள், உருட்டுக் கட்டைபோல இறுகின உடம்பு. இந்தப் பருவத்தில் அவளுடைய கூடைதான் முதல் இடம். அவளுக்கு அடுத்தது பாப்பம்மா, அவளைவிட மூத்தவள், வெற்றிலையை விடாமல் மெல்லுகிறவள். மற்ற இருவரும் அக்கா தங்கை, ஒருத்தி கையை ஒருத்தி விடவில்லை.

ஒவ்வொருத்தியாகக் கம்பளியைக் கழற்றி வைத்துவிட்டுப் பலகையில் உட்கார்ந்தார்கள். லொறிப் பக்கமிருந்து, "கணக்கப்பிள்ள, பாத்து நிறுங்க, தண்ணிக் கொழுந்தா இருக்கப் போவுது," என்று ஒருத்தி கத்த, வெளி முழுவதும் சிரித்தது. ராஜலிங்கம் மட்டும் சிரிக்கவில்லை. எண்களைச் சொன்னார். மூக்கையா ஓடிவந்து காதில் கத்தினான். வில்பிரட் கூட்டினான். வேலைசெய்து காய்ந்த உடம்புகள், கணக்கு லேசாகவே வந்தது. நாலு பேரையும் ஏற்றலாம். பேப்பர்க்காரன் படம் பிடித்தான்.

"பிளேன் தொர, மெதுவாப் போ. எனக்கு இன்னும் மூணு புள்ளைக கட்டிக்குடுக்க இருக்கு," என்று பலகணி வழியே பாப்பம்மா சொன்னாள்.

"தொர இல்லக்கா, நான் அம்பிட்டி. பேரு வில்பிரட்."

"அப்ப சரி, வெரட்டு."

முழு விசையும் கொடுத்தான். காற்று முகத்தில் அறைந்தது. இரு கரைச் சனமும் வண்ணக் கோடாக ஓடியது. வால் உயர்ந்தது, ஆனால் சோம்பலாக. தடதடப்பு நிற்கவில்லை. ஓட்டும் கோலைத் தொட்டுப் பார்த்தான், கைக்கு உயிர் வரவில்லை, ஈரச் சாக்குபோலக் கிடந்தது. கொடி வந்தது. இதோ, இன்னும் ஒரு மூச்சுக்குள் தூக்கிவிடும் என்று உடம்பு சொன்னது. உடம்பு எப்போதும் அப்படித்தான் சொல்லும். சிவப்புத் துணி இறக்கையைத் தாண்டுகிற நொடியில் அவன் இடது கை விசையை இழுத்து மூடிவிட்டது.

எஞ்சின் சத்தம் செத்ததும் சனத்தின் சத்தம் கேட்டது. வண்டி தன் பாட்டுக்கு ஓடி, ஓடி, குலுங்கி, கித்துல் மரங்களுக்கு முன்னால் ஒரு வழியாக நின்றது. நின்ற இடத்துக்கும் மரத்துக்கும் நடுவே ஒரு பஸ் நிறுத்தலாம், இரண்டு நிறுத்த முடியாது.

திருப்பி ஓட்டி மேட்டுக்குக் கொண்டுவரும்போது இரு கரையிலிருந்தும் ஊளை. "டேய், தள்ளிவிடவா?" என்று ஒரு கூட்டம் ஓடிவந்தது. முதலாளி வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவர்களுக்கு முன்னால் வந்தார்.

"என்னடா செஞ்ச? தூக்குற நேரத்துல மூடிட்டியே."

"தூக்கல முதலாளி."

"தூக்கியீக்கும். நான் பாத்தேன். இன்னும் கொஞ்சம் ஓடியிருந்தா தூக்கியீக்கும்."

"இருக்கும். இல்லாட்டி மரத்துல."

"கடுகண்ணாவ ஏத்தத்துல அறுவது பேரக் கொண்டுபோறானே என் றைவர். அவனெல்லாம் கொடி நட்டா ஓட்டுறான்?"

"அவன் ஏறாட்டி நிப்பாட்டி, பாதிப் பேர எறக்கித் தள்ளச் சொல்லுவான். எனக்கு அங்கன எறக்க முடியாது."

அறைக் கதவைத் திறந்துகொண்டு வேலாயி இறங்கினாள். அவள் முகத்தைப் பார்த்ததும் வில்பிரட்டுக்கு முதலாளியின் கத்தல் பெரிதாகத் தெரியவில்லை.

"ஏன் தம்பி," என்றாள். "காலையில இருந்து டவுன்காரவுக எல்லாம் போனாக, வந்தாக. கடக்காரவுக, கந்தோர்க்காரவுக. எங்க நேரத்துக்குத்தான் இது ஏறாதா?"

அவன் கித்துல் மரங்களைத் திரும்பிப் பார்த்தான்.

"கூலிக்காரின்னா வண்டிக்கும் தெரியுது போல," என்றாள் பாப்பம்மா, துப்பிவிட்டு.

வெயில் அவனைச் சுட்டது. இவர்கள் யார்? அவன் அம்மாவின் சாதி சனம். அவளும் கூடை தூக்கினவள்தான். ஏற்றிவிட்டால் ஒன்றும் ஆகாமலும் போகலாம். பத்தில் ஒன்பது தடவை தூக்கிவிடும். அந்தப் பத்தாவது தடவைக்கு இவர்களில் யாரைக் கொடுப்பது? எஞ்சினை அணைத்துவிட்டுக் குழியிலிருந்து கீழே இறங்கினான்.

"எறங்குங்கக்கா, எல்லாரும். இன்னொரு தரம் நிறுக்கணும். இந்தத் தரம் நான் பாக்கணும்."

எஞ்சின் அணைந்திருந்ததால், அன்று முதல் தடவையாக அவன் தராசுக்குப் போனான். பாப்பம்மா பலகையில் உட்கார்ந்தாள். ராஜலிங்கம் முள்ளைப் பார்த்தார். அவருக்குப் பின்னால் போய், அவர் தோளுக்கு மேலால் வில்பிரட்டும் பார்த்தான். முள் நூற்றியாறில் நின்றது.

"தொண்ணூத்தி ஆறு," என்றார் ராஜலிங்கம், காதுப் பென்சிலைத் தொட்டுக்கொண்டே.

"எவ்வளவு?"

"தொண்ணூத்தி ஆறு."

"முள்ளு நூத்தியாறுல நிக்குதே, கணக்கப்பிள்ள அய்யா."

"ஆமா. கழிவு போக, தொண்ணூத்தி ஆறு."

"என்ன கழிவு?"

ராஜலிங்கம் அவனை விவரம் தெரியாத ஆளைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். "பத்துக்கு ஒண்ணு. கூடை, தண்ணி, காம்பு. எந்தத் தோட்டத்துலயும் கழிக்கிறதுதானே."

"இது கொழுந்தா?"

அவர் கை பென்சிலிலிருந்து இறங்கியது. முள்ளைப் பார்த்தார். பலகையில் ஆடிக்கொண்டிருந்த பாப்பம்மாவைப் பார்த்தார். அவர் நெற்றியில் வேர்வை பொட்டுப் பொட்டாக எழும்புவது வில்பிரட்டுக்குத் தெரிந்தது.

"கைப் பழக்கம்," என்றார் மெல்ல. "முள்ளப் பாத்தா வாயி தானாக் கழிச்சுருது."

"காலையில இருந்தா?"

"காலையில இருந்து."

அதுதான் கொடி கிட்ட வந்துகொண்டே இருந்ததன் காரணம். கிளாக்கரையும் கழித்து, றம்லத் பீபியையும் கழித்து, காலை முழுவதும் ஏறினவர்கள் அத்தனை பேரிலும் பத்தில் ஒரு பங்கைக் கீழே விட்டுவிட்டதாகக் கணக்கு. அவர்கள் முழுசாகத்தான் மேலே வந்திருக்கிறார்கள். போதாததற்கு, நிறுத்த பிறகு கொழுந்துக்காரிகள் போட்டுக்கொண்டு ஏறிய நாலு கம்பளி.

முதலில் சிரித்தது வேலாயி. இடுப்பில் கைவைத்து, கண்ணீர் வரச் சிரித்தாள்.

"ஏய் பாப்பம்மா, ஒன்னையும் வெட்டிட்டாருடி. கொழுந்துலதான் வெட்டுறாருன்னு பாத்தா, கொழுந்து எடுக்கிறவளையும் வெட்டுறாரு. எந்தப் பக்கத்த வெட்டுனாரு, பாரு."

"பத்துக்கு ஒண்ணாமே," என்று பாப்பம்மா பலகையிலிருந்து இறங்காமலே லொறிப் பக்கம் திரும்பிக் கத்தினாள். "கேட்டுக்கங்கடி எல்லாரும். அவரு வாயாலயே சொல்லிட்டாரு. பேப்பர்க்கார அய்யா, நீங்களும் கேட்டீகள்ல?"

இத்தனை வருடமும் எல்லாருக்கும் தெரிந்த, யாரும் சொல்லக்கூடாத விஷயம் அது. லொறியிலிருந்து பெண்கள் குதித்து இறங்கித் தராசைச் சூழ்ந்துகொண்டார்கள். முள் முகத்தை ஆளுக்கொருத்தி எட்டிப் பார்த்தார்கள். சிலருக்கு அதன் முகத்தைப் பார்ப்பதே அதுதான் முதல் தடவை. ராஜலிங்கம் பென்சிலைக் காதிலிருந்து எடுத்துக் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டு, யார் கண்ணையும் பார்க்காமல் நின்றார்.

லாபிர் முதலாளியின் முகம் கறுத்துவிட்டது.

"என் பேருல நடக்குற யாவாரத்துல கள்ளத் தராசா?" என்றார், பல்லுக்குள். "மவுத்தாப் போனா அல்லாக்கிட்ட இதுக்கு நான் பதில் செல்லணும், கணக்கப்பிள்ள. பஸ்ஸுல ஆள் கூட ஏத்துவேன். அது வேற. தராசுல கைவெக்க மாட்டேன்." பிறகு வில்பிரட்டிடம் திரும்பினார். "சரி. உள்ள எடையச் செல்லு. எத்தன பேரு?"

வில்பிரட் தானே நிறுத்தான், கம்பளியோடு. வெயிலைப் பார்த்தான், காற்றின் திசை காட்டக் கம்பத்தில் கட்டிய துணிப் பை செத்துத் தொங்குவதைப் பார்த்தான். "ரெண்டு பேரு."

"மூணு."

"ரெண்டு."

"அந்தத் தங்கச்சிக்காரி ஈர்க்குப்போல ஈக்கிறா. அவள ஒரு ஆளா எடுக்க ஏலுமா? மூணு."

"ரெண்டு, முதலாளி. ரெண்டு தரம் போறேன். நாலு பேரும் பறந்துருவாங்க."

"படத்துல நாலு பேரும் ஒண்டா வரணுமே."

"படத்த மண்ணுல எடுக்கட்டும்."

"யா அல்லா," என்றார் முதலாளி. "கொழும்புக்காரன் நாலு பேர ஏத்துவான்."

"வரட்டும். அவன் வந்தாலும் முள்ளு அங்கனதான் நிக்கும்."

சொன்ன பிறகுதான் தன் வேலையைத் தானே கொண்டுபோய் விற்றுவிட்டோம் என்று அவனுக்கு உறைத்தது. முதலாளி அவனை ஒரு கணம் பார்த்தார். பிறகு பேப்பர்க்காரனைத் தேடிப் போய்விட்டார்.

"அதுக ரெண்டும் மொதல்ல போகட்டும்," என்று வேலாயி அக்கா தங்கையைத் தள்ளிவிட்டாள். "நின்னா பயத்துல ஓடிருவாளுக."

இந்தத் தடவை தடதடப்பு கொடிக்கு வெகுமுன்னாலேயே நின்றது. கீழே இரு கரையும் எழும்பிக் கத்தியது, எஞ்சினையும் மீறிக் கேட்டது. அக்காவும் தங்கையும் பலகணியில் கன்னத்தோடு கன்னம் ஒட்டி, வாய் திறந்தபடி அவனையே பார்த்தார்கள். வெளியே பாருங்கள் என்று கையைக் காட்டினான். பார்த்தார்கள். அதற்குப் பிறகு திரும்பவே இல்லை. ஆற்றின் மேலால் ஒரு பெரிய வட்டம். இறங்கியதும் அக்காக்காரி மண்ணைத் தொட்டுக் கும்பிட்டாள். தங்கைக்காரி, "இன்னொருக்கா," என்றாள்.

வேலாயியும் பாப்பம்மாவும் கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டு முன்னால் வந்தார்கள்.

வில்பிரட் அவர்களைப் பார்க்கவில்லை. கிழக்கே பார்த்தான். ஹுன்னஸ்கிரிய மலையின் தோளில் ஒரு வெள்ளைத் துணி விழுந்து கிடந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது தோளிலிருந்து இறங்கி, மார்பை மூடி, பள்ளத்துக்குள் கால் வைத்தது. பின்னேரத்துப் பனிமூட்டம். வெளிக்கு மேலே வானம் இன்னும் நீலமாக, வெயிலாக இருந்தது. ஒரு சுற்றுக்கு எவ்வளவு நேரம் வேண்டும்? கொஞ்சம்தான். மூட்டம் இங்கே வர எவ்வளவு நேரம்? யாருக்குத் தெரியும். அந்த மலையின் தோள் தெரியாவிட்டால் பறப்பதில்லை என்பது, கண்டிக்கு வந்த அன்றே அவன் தனக்குள் போட்டுக்கொண்ட கோடு.

விசையை மூடினான். விசிறி தயங்கித் தயங்கி நின்றது.

"என்ன தம்பி?" என்றாள் வேலாயி.

"இன்னக்கி முடியாதுக்கா. மூட்டம் வருது."

"எங்க வருது? மேல வெயிலடிக்குது."

"இப்ப அடிக்குது."

முதலாளி ஓடிவந்தார். அவர் குரலில் இப்போது கோபமில்லை, கெஞ்சல் இருந்தது. அதுதான் கஷ்டமாக இருந்தது. "ஒரு சுத்து. ஒரே ஒரு சுத்துடா மகன். தராசு நீ செல்லினபடி. ஆளு நீ செல்லினபடி. இதயாச்சும் நான் செல்றபடி செய்யேன்."

இந்தத் தடவை யார் தலையிலும் போடப் பிழை எதுவும் இல்லை. தராசு சரி, எஞ்சின் சரி, வெயிலும் அடிக்கிறது. அவனும் அவனுடைய கோடும் மட்டும்தான். வில்பிரட் தோல் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டான்.

"போகலாம் முதலாளி. போனா, எறங்க இந்த வெளியத் தேடிக்கிட்டுத் திரும்பணும். நான் மாட்டேன்."

வேலாயி கம்பளியைக் கழற்றி ஒரு உதறு உதறித் தோளில் போட்டாள். "வா பாப்பம்மா. எங்க தலையில எழுதல," என்று நடந்தாள். அந்த முதுகைப் பார்க்க அவனால் முடியவில்லை. குழியிலிருந்து எட்டி, "அக்கா," என்று கூப்பிட்டான். "விடியக்கால வாங்க. குளிர்ல இது பஞ்சு மாதிரி ஏறும்."

"விடியக்கால எங்களுக்குப் பேரு கூப்பிடுற பெரட்டு," என்றாள், திரும்பாமலே. "பெரட்டுல நிக்காட்டிப் பேரு இல்ல. பேரு இல்லாட்டி அன்னைக்குக் கூலி இல்ல. நீ வந்து தருவியா?"

சனம் கலைய மனமில்லாமல் முணுமுணுத்தது. கடலைக்காரன் கூடையைக் கட்டினான். மூக்கையா விமானத்தைக் கயிற்றால் முளையில் கட்டிக்கொண்டிருக்கும்போது மூட்டம் வந்தது. முதலில் கித்துல் மரங்கள் போயின. பிறகு வெளியின் பாதி. பிறகு மூக்கையாவே ஒரு குரல் மட்டும் ஆகிவிட்டான். லாபிர் முதலாளி தன் கையை முகத்துக்கு முன்னால் நீட்டிப் பார்த்தார்.

"இப்ப மேல ஈந்திருந்தா?" என்று கேட்டார்.

வில்பிரட் குனிந்து கயிற்றின் முடிச்சை இழுத்து இறுக்கினான்.

"நீ ஒரு மரக்கட்ட," என்றார் முதலாளி. "உன்னோட யாவாரம் செய்றது பாறையோட யாவாரம் செய்றதுபோல." கொஞ்சம் நடந்தார், மூட்டத்துக்குள்ளிருந்து குரல் வந்தது. "கொழும்புக்காரனுக்கு வர வேணாம்னு செல்லி அனுப்புறேன். பொறகு அவன் வந்து நாலு பேர ஏத்தினா எனக்கு நெஞ்சு நோவு வந்துரும். அந்தப் பொம்புளைங்களுக்கு விடிய முன்ன என் பஸ்ஸு போகும். தொரைக்கிட்ட நான் பேசிக்கிறேன். பேரும் போடச் செல்றேன், கூலியும் போடச் செல்றேன். கழிவு இல்லாம."

வில்பிரட் இருட்டும் வெள்ளையுமாகக் கிடந்த அந்த வெளியில் நின்று, யாருக்கும் தெரியாது என்ற தைரியத்தில் இரண்டு கையையும் மேலே தூக்கி ஒரு குதி குதித்தான்.

விடிந்தபோது வானம் கழுவி வைத்ததுபோல இருந்தது. புல்லில் பனி. பஸ் வந்தது. வேலாயி முறைத்துக்கொண்டே இறங்கினாள், நம்பாமலே ஏறினாள். பாப்பம்மா வெற்றிலைப் பையை மடியில் வைத்துக்கொண்டாள். மூக்கையா விசிறியைச் சுழற்றினான். ஓடத் தொடங்கிக் கொஞ்ச தூரம்கூட ஆகவில்லை, மண் அவர்களை விட்டுவிட்டது.

ஏறினான். ஆற்றின் மேல் ஏறி, வத்தேகம வீதியின் மேல் ஏறி, தோட்டத்துப் பக்கம் சரித்தான். வெயில் அப்போதுதான் மலை உச்சிகளைத் தொட்டது. கீழே பச்சைப் போர்வையில் சீப்பு வாரினதுபோலத் தேயிலை வரிசை. தகர லயங்கள் தீப்பெட்டிகளாகக் கிடந்தன. பெரட்டுக் களத்தில் கொழுந்துக்காரிகள் எறும்புக் கூட்டமாக நின்றார்கள். எறும்புகள் எல்லாம் ஒரே நேரத்தில் அண்ணாந்து பார்த்தன, கை அசைத்தன.

பலகணி படாரென்று திறந்தது. வேலாயியின் முகம் காற்றில் கண் சுருங்கி, பல் முழுக்கத் தெரிந்தது.

"தம்பி, அதுவா எங்க தோட்டம்?"

"அதுதான்க்கா."

அவள் மறுபடி கீழே பார்த்தாள். 

"இத்துனூண்டா?" என்று கத்தினாள். "இத்துனூண்டு எடமா எங்கள இம்புட்டு வருசமா ஓட ஓட வெரட்டுச்சு?"

பாப்பம்மா உள்ளே எதற்கோ விழுந்து விழுந்து சிரிப்பது கேட்டது. வில்பிரட்டும் சிரித்தான். இன்னும் ஒரு சுற்று போகச் சொன்னாள் வேலாயி. அவன் எண்ணெய் முள்ளைப் பார்த்துவிட்டு முடியாது என்று தலையாட்டினான். இறங்கி மண்ணைத் தொடும்வரைக்கும் அவள் அவனையும் அவன் பரம்பரையையும் பலகணி வழியே திட்டிக்கொண்டே வந்தாள்.